அயலானும் வாடகையும்

'நியாயமான போட்டி' என்ற தொடரில் என்னை உறுத்துவது அந்தப் பெயரடைதான். ஒரு கவிதையில் பெயரடை வந்து உட்கார்ந்தால் அது எதை மூடி மறைக்கிறது என்று கேட்கப் பழகியவர்கள் நாம். வியாபாரப் பேச்சில் அது வரும்போது மட்டும் ஏனோ கேட்பதில்லை. 2023 நவம்பர் 6-ம் தேதி போலந்து லாரிக்காரர்கள் உக்ரைன் எல்லையில் டோரோஹுஸ்க், ஹ்ரெபென்னே, கோர்ச்சோவா என்ற மூன்று சாவடிகளுக்குப் போகும் சாலைகளை மறித்து நின்றார்கள். அவர்கள் கோரிக்கையின் சாரம் இந்தத் தொடர்தான். உக்ரைன் லாரிகள் குறைந்த வாடகைக்கு ஓடுகின்றன, எங்கள் லோடைப் பறிக்கின்றன, பழையபடி பெர்மிட் முறையைக் கொண்டு வா என்றார்கள். மணிக்குச் சில லாரிகளை மட்டுமே விட்டார்கள். ராணுவத் தளவாடங்களையும் நிவாரணப் பொருள்களையும் தடுக்கவில்லை என்று சொன்னார்கள். மற்றவை நின்றன. வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. டிசம்பர் 1-ல் ஸ்லோவாகியா லாரிக்காரர்களும் தங்கள் பக்கத்துச் சாவடியில் மறியலைத் தொடங்கினார்கள். 2024 ஜனவரி நடுவில், வார்ஸாவில் புதிதாக வந்திருந்த அரசோடு ஒரு உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் போலந்துக்காரர்களின் மறியல் நின்றது, அதுவும் தற்காலிகமாக.

இதை ஒரு பொருளாதார வாரப் பத்திரிகைக்கு எழுதலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். போலந்து நமக்கு ஹெர்பர்ட், ரூஷேவிச், ஷிம்போர்ஸ்கா வழியாக வந்து சேர்ந்த நாடு. அரசியல் என்று போனால் 1980-ன் ஸாலிடாரிட்டி. அங்கே லாரி வைத்துப் பிழைப்பவனும் இருக்கிறான், அவனுக்கு மாதத் தவணை இருக்கிறது என்பது நம் வாசிப்புக்குள் வருவதில்லை. மனித இருப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். டீசல் விலையும் வாடகையும் கழித்துவிட்டு எழுதப்படுகிற இருப்பு எனக்கு அலுத்துவிட்டது. தவிர, இந்தச் சண்டையின் அடியில் கிடப்பது பொருளாதாரக் கேள்வி அல்ல. என் பிழைப்பும் உன் பிழைப்பும் ஒரே சாலையில் ஓடும்போது நான் உனக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்பது பழைய தார்மீகக் கேள்வி. ஹெஸியட் சண்டை இரண்டு வகை என்று பிரித்தவன். அண்டை வீட்டான் செழிப்பதைக் கண்டு நம்மையும் உழைக்க வைப்பது ஒன்று, ஒருவரையொருவர் அழிக்க வைப்பது இன்னொன்று. ஆனால் முதலாவது எந்த இடத்தில் இரண்டாவதாக மாறுகிறது என்பதற்கு அவனிடம் விடை இல்லை. (சொத்துத் தகராறில் சகோதரனோடு மோதிக்கொண்டவன் அவன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

தமிழில் 'அயல்' என்ற சொல் பக்கத்து வீட்டுக்கும் வருகிறது, அந்நிய தேசத்துக்கும் வருகிறது. அயல்வீட்டுக்காரன் தினமும் முகம் பார்க்கிறவன். அயலான் என்றாலோ நம்மவன் அல்லாதவன். நெருக்கமும் வேற்றுமையும் ஒரே சொல்லுக்குள் எப்படி ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். டோரோஹுஸ்க் சாலையில் அந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

முதலில் போலந்துக்காரன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும் உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. ஆகாய மார்க்கமும் மூடப்பட்டது. ரயில் இருந்தது. ஆனால் உக்ரைன் தண்டவாளத்தின் அகலம் 1520 மில்லிமீட்டர், போலந்தில் 1435. எல்லையில் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும், அல்லது சக்கரங்களை மாற்ற வேண்டும். ஆகவே ஒரு தேசத்தின் ஏற்றுமதி இறக்குமதியில் பெரும் பகுதி திடீரென்று லாரியின் மீது வந்து விழுந்தது. அதுவரை இரு நாடுகளும் ஆண்டுக்கு இத்தனை பெர்மிட் என்று பேசி, பரிமாறிக்கொண்டு வந்தன. பெர்மிட் தீர்ந்தால் லாரி நிற்கும். 2022 ஜூன் 29-ல் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இந்தப் பெர்மிட்டை நீக்கியது. போரில் இருக்கும் நாட்டுக்கு ஒன்றியம் செய்த உதவி அது. சரியான உதவி என்றே நினைக்கிறேன்.

ஆனால் யார் செலவில்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் சம்பளம் குறையவில்லை. போர்ச்சுகல் லாரிக்காரனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உக்ரைனுக்குப் போய் வரும் லோடை நம்பிப் பிழைத்தவன் லூப்ளின் பக்கத்துச் சிறு முதலாளி, இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவன், சில சமயம் அவனே டிரைவர். முழு ஐரோப்பாவின் தர்மத்துக்கும் பில் அவன் மேசைக்கு வந்தது. இன்னொருவன் சோற்றை எடுத்து நான் தானம் செய்தால் அதற்குப் பெயர் தானமா என்ற கேள்வியை அவன் கேட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். மறியலைக் கண்டித்து எழுதிய பலர் இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தவணை தேதி வரும்போது வாடகை ஏன் இறங்கியது என்ற காரணத்தை எழுதுவதற்கு எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது. போரினால் இறங்கினாலும் பேராசையினால் இறங்கினாலும் பாக்கி பாக்கிதான். அந்த மனிதனின் கோபம் பொய்க் கோபம் அல்ல.

இனி மறுபக்கம். சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 2004 மே மாதம் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸில் ஐரோப்பிய அரசியல் சாசனத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தபோது 'போலந்துக் குழாய்க்காரன்' என்று ஒரு பூச்சாண்டி உலவினான். மலிவான கூலிக்கு வந்து பிரெஞ்சுக்காரன் வேலையைத் தின்றுவிடுவான் என்று பயம். போலந்து சுற்றுலாத் துறை அதற்குப் பதிலாக, அழகான குழாய்க்காரன் ஒருவன் படத்தைப் போட்டு, நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் வாருங்கள் என்று விளம்பரம் செய்தது. (சமீப காலத்தில் ஒரு அரசாங்க அலுவலகம் வெளியிட்ட உருப்படியான நையாண்டி இது ஒன்றுதான்.) பிறகு லாரி. போலந்து லாரிகள் ஐரோப்பாவின் சாலைகளை மெல்லப் பிடித்தன. இன்று ஒன்றியத்தின் சாலைச் சரக்குப் போக்குவரத்தில் போலந்தே முதலிடம். பிரான்ஸும் ஜெர்மனியும் பெல்ஜியமும் சொன்னவை என்ன? கூலி குறைவு, டிரைவர் மாதக்கணக்கில் வண்டியிலேயே தூங்குகிறான், இது நியாயமான போட்டி அல்ல. 2020 ஜூலையில் வந்த புதிய விதிகள் பெருமளவு அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தவை. வாராந்தர முழு ஓய்வை வண்டிக்குள் எடுக்கக் கூடாது. சில வாரங்களுக்கு ஒரு தடவை டிரைவர் வீடு திரும்ப வழி செய்ய வேண்டும். லாரியே எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். இது பணக்கார நாடுகளின் சுயநலம், நியாயம் என்ற பெயரில் போட்ட வேலி என்று போலந்து ஆட்சேபித்தது. வேறு சில நாடுகளோடு சேர்ந்து நீதிமன்றத்துக்கும் போனது.

மூன்றே ஆண்டுகளில் அதே போலந்து லாரிக்காரன் கிழக்கு எல்லையில் நின்று பிரெஞ்சுக்காரனின் வாக்கியத்தைத் தன் மொழியில் சொல்கிறான். இதை ஆஷாடபூதித்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். அப்படிச் சொல்பவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே மனிதன் இரண்டு திசையில் இரண்டு நியாயம் பேசும்போது, அவன் மனத்தின் கோணலைவிட அவன் நிற்கும் இடம்தான் அதிகம் சொல்கிறது. மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்கிறான், கீழே இருப்பவனிடமிருந்து பாதுகாப்புக் கேட்கிறான். நடுப்படியில் நிற்கும் எவனும் செய்வது இதுதான். அதற்காக இரண்டு கோரிக்கைகளும் ஒரே எடையுள்ளவை ஆகிவிடுமா? எதை வைத்து நிறுப்பது?

எனக்குத் தோன்றும் வித்தியாசம் இது. 'எப்படி' என்று கேட்கும் கோரிக்கை ஒன்று. 'எத்தனை பேர்' என்று கேட்கும் கோரிக்கை வேறு. வாரத்தில் இத்தனை மணி ஓய்வு, இத்தனை கூலி, இந்த நிலையில் பிரேக்கும் டயரும் என்று நான் விதி கேட்டால், அது என்னையும் கட்டும். அதை நிறைவேற்றினால் என் போட்டியாளனின் டிரைவருக்கும் தூக்கம் கிடைக்கும். அயலானுக்கு நன்மை செய்யாமல் அந்தக் கோரிக்கை வெற்றி பெற முடியாது. பெர்மிட் எண்ணிக்கை அப்படியல்ல. ஒருவனுடைய தேசத்தைச் சொல்லாமல் அந்தக் கோரிக்கையை வாயால் உச்சரிக்கவே முடியாது. அவன் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும், என்னைவிட அதிகக் கூலி கொடுத்தாலும், ஆயிரத்துக்கு மேல் ஒன்றாவது ஆளாக வந்தால் அவன் அதிகப்படி. அங்கே அளக்கப்படுவது செய்கை அல்ல, ஆள். கான்ட் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இந்த இடத்தில் கேட்டால் முதலாவது தேறும், இரண்டாவது தேறாது என்பது என் அபிப்ராயம்.

இந்தப் பிரிவினை நான் எழுதுகிற அளவுக்குச் சுத்தமானதல்ல என்பதும் தெரிகிறது. 'எப்படி' என்ற விதிக்குள் 'எத்தனை பேர்' ஒளிந்திருக்கலாம். லாரி எட்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊர் திரும்ப வேண்டும் என்ற விதியைப் பாருங்கள். டிரைவர் வீடு திரும்புவதில் ஒரு மனிதனின் சுகதுக்கம் இருக்கிறது. இரும்பு ஏன் வீடு திரும்ப வேண்டும்? தூரத்து நாட்டு லாரியைக் காலியாக ஓடவிட்டு நஷ்டப்படுத்துவதுதானே அதன் விளைவு? 2024 அக்டோபர் 4-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ஒரு விதியை ரத்து செய்தது. டிரைவரின் ஓய்வையும் வீடு திரும்புதலையும் பற்றிய விதிகளை நிலைநிறுத்தியது. நீதிமன்றம் தன் சட்டக் காரணங்களுக்காக அப்படிச் செய்திருக்கிறது. ஆனால் கோடு விழுந்த இடம் என் வாதத்துக்கு அந்நியமானது அல்ல.

உக்ரைன்காரன் விஷயத்திலும் விதி ஏற்கெனவே இருந்தது. 2022 ஒப்பந்தம் அவனுக்குக் கொடுத்தது உக்ரைனுக்கு வந்துபோகும் சரக்கும், ஊடே கடந்துபோகும் சரக்கும்தான். போலந்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்கவோ, போலந்திலிருந்து ஜெர்மனிக்கு லோடு அடிக்கவோ அவனுக்கு அனுமதி இல்லை. அதை மீறி ஓடுகிறார்கள் என்பது மறியல்காரர்களின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மீறினால் பிடிக்க வேண்டும். இந்தக் குற்றச்சாட்டுக்கு நேரான பதில் சாலைச் சோதனை. மீறியவனையும் மீறாதவனையும் சேர்த்து எண்ணிக்கைக்குள் அடைப்பது அதற்குப் பதில் ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போருக்கு முன்பே போலந்துக் கம்பெனிகளின் லாரிகளை ஓட்டியவர்களில் உக்ரைன்காரர்கள் ஏராளம். போர் வந்ததும் பலர் சண்டைக்குத் திரும்பிப் போனார்கள், டிரைவர் பஞ்சம் என்று அந்தக் கம்பெனிகளே புலம்பின. ஆக உக்ரைன்காரன் போலந்துச் சாலையில் ஓட்டுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. அவன் கையில் சாவி மட்டும் இருந்தவரை அவன் நல்ல தொழிலாளி. ஆர்.சி. புத்தகமும் அவன் பேரில் இருந்தால் நியாயமற்ற போட்டி. மறியலை வெறும் தேசப் பகை என்று விளக்குபவர்கள் இந்த இடத்தில் வழுக்கிவிடுகிறார்கள். இரண்டு ஜனங்களுக்கும் இடையே 1943-ன் வொலீனியா படுகொலைகள் போன்ற பழைய ரத்தம் உண்டு, வாஸ்தவம். ஆனால் 2023-ல் சாலையை மறித்தது அந்த ஞாபகம் அல்ல, வாடகைப் பட்டியல்.

அதே 2023-ல் போலந்து லாரிகள் இன்னொரு இடத்திலும் வரிசையாக நின்றன. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் அருகே, கிரேஃபன்ஹவுஸன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடம். நீல நிற லாரிகள். ஒரு போலந்து முதலாளியின் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஜார்ஜியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கூலி பாக்கி. மார்ச்சில் அவர்கள் வண்டிகளை அங்கே நிறுத்தி, இறங்க மறுத்தார்கள். ஏப்ரல் 7, புனித வெள்ளி அன்று முதலாளி ஒரு கவச வண்டியோடும் கூலிப் பாதுகாவலர்களோடும் வந்து லாரிகளைப் பிடுங்கப் பார்த்தார். ஜெர்மன் போலீஸ் குறுக்கிட்டது. கடைசியில் ஏப்ரல் இறுதியில் சுமார் 3 லட்சம் யூரோ பாக்கி பட்டுவாடா ஆனது. ஜூலையில் அதே இடத்தில் இரண்டாவது வேலைநிறுத்தம். செப்டம்பரில் சிலர் உண்ணாவிரதம்வரை போனார்கள். பல மொழிக்காரர்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுக்கப் புரிந்திருக்காது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஜெர்மனியில், பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்கு வரும் சங்கிலி முழுவதிலும் மனித உரிமைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்திருந்தது. நின்ற லாரிக்குள் யாருடைய சரக்கு இருக்கிறது என்ற கேள்வி அதனால் திடீரென்று கனம் பெற்றது.

நம் மொழியில் வேலைநிறுத்தம், மறியல் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இவற்றை நாம் கலந்தே பயன்படுத்துகிறோம். கிரேஃபன்ஹவுஸன் டிரைவர் நிறுத்தியது தன் உழைப்பை. அந்த நிறுத்தத்தில் முதலில் பட்டினி கிடப்பவன் அவன். டோரோஹுஸ்கில் நிறுத்தப்பட்டது அடுத்தவன் வண்டி. குளிரில் காத்திருந்த உக்ரைன் டிரைவர் வாடகையை நிர்ணயித்தவனும் அல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனும் அல்ல. 18-லிருந்து 60 வயதுவரை ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேற அப்போது தடை இருந்த தேசத்திலிருந்து, தனி அனுமதியில் வெளியே வந்தவன். நவம்பர் மாதத்தில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வண்டிகளோடு காத்திருந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். யாரும் அவர்களை அடிக்கவில்லை, இயற்கை மரணம் என்றது அறிக்கை. மறியல்காரர்களைக் கொலையாளிகள் என்று எழுதியவர்கள் அத்துமீறினார்கள். ஆனால் ஒரு மனிதனின் நேரத்தை எடுத்துக்கொள்வது வன்முறை அல்ல என்ற நம் பொது எண்ணத்தை அந்த இரண்டு மரணங்களும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

போலந்தில் இதைப் பற்றி யோசிப்பவனுக்கு 1980 வராமல் போகாது. டோரோஹுஸ்க் இருப்பது லூப்ளின் மாகாணத்தில். அந்த ஆண்டு ஜூலையில் லூப்ளின் ரயில்வேத் தொழிலாளர்கள் தாங்கள் ஓட்டிய எஞ்சின்களையே குறுக்கே நிறுத்தி ரயில் சந்திப்பை முடக்கினார்கள். ஆகஸ்டில் க்தான்ஸ்க். கப்பல் பட்டறைக்காரர்களின் சம்பளக் கோரிக்கையை நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது; வேலைநிறுத்தம் முடிந்தது என்று வவென்ஸா அறிவித்துவிட்டார்; தொழிலாளர்கள் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அப்போது சில பெண்கள் மறித்தார்கள். அவர்களில் ஒருவர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ், டிராம் ஓட்டுபவர். பட்டறை பெரியது, அதற்குக் கிடைத்துவிட்டது. டிராமும் பஸ்ஸும் ஓட்டுகிற எங்களை நீங்கள் விட்டுப்போனால் நசுக்கிவிடுவார்கள் என்பது அவர் வாதம். தங்கள் கோரிக்கை நிறைவேறிய பிறகும் ஒரு பகுதியினர் மற்றவர்களுக்காக உள்ளேயே தங்கினார்கள். ஸாலிடாரிட்டி என்ற சொல்லுக்கு அர்த்தம் ஏறியது அந்த ஆகஸ்ட் 16 அன்றுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்குக் கீழ்ப்படியில் நின்றவரின் பெயரால் மேல்படி காத்திருந்தது. இந்தப் போக்குவரத்துக்காரப் பெண்ணின் நியாயத்தை எல்லை தாண்டி எடுத்துச்செல்ல முடியுமா என்பதுதான் 2023 கேட்ட கேள்வி. தேசத்துக்குள் செல்லுபடியாகும் நோட்டு வெளியே செல்லாது என்பது மாதிரி, ஒருமைப்பாட்டுக்கும் எல்லையில் மாற்று விகிதம் உண்டு போலிருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அதே போலந்து ஜனங்கள்தான் 2022-ல் லட்சக்கணக்கான உக்ரைன் அகதிகளை எல்லையில் சூப்போடும் கம்பளியோடும் எதிர்கொண்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர்களை அயலானை அறியாதவர்கள் என்று எவன் சொல்ல முடியும்? சொல்லவில்லை. எனக்குப் புதிராக இருப்பதே இந்த இரண்டும் ஒரே சாலையில், இருபது மாத இடைவெளியில் நடந்தன என்பதுதான். லூக்காவின் சுவிசேஷத்தில் ஒரு சட்ட வல்லுநர் எனக்கு அயலான் யார் என்று கேட்கிறார். அவர் கேட்பது ஒரு எல்லைக்கோட்டை. எத்தனை பேர்வரை என்கிற பெர்மிட் கேள்விதான் அதுவும். பதிலாகக் கிடைத்தது எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை. சமாரியன் அவனைத் தன் வாகன மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்துக் காசும் கொடுக்கிறான். அந்த அடிபட்டவன் தேறி எழுந்து, ஒரு கழுதை வாங்கி, அதே எரிகோ சாலையில் சமாரியனைவிடக் குறைந்த வாடகைக்கு மூட்டை ஏற்றியிருந்தால்? கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. காயத்துக்கு எண்ணெய் ஊற்றும் கைக்குத் தெரிந்த அயலானை, வாடகை பேசும் வாய்க்குத் தெரிவதில்லை. விருந்தாளியிடம் நமக்கு இருக்கும் தாராளம் முழுவதும் அவனிடம் விலை சொல்ல எதுவும் இல்லை என்பதைப் பொறுத்திருக்கிறதா?

2023 டிசம்பர் 4-ல் மறியலைத் தணிக்க ஒரு ஏற்பாடு நடந்தது. டோவ்ஹோபிச்சோவ் என்ற சாவடியைக் காலி லாரிகளுக்கென்று தனியாகத் திறந்துவிட்டார்கள். 2024 ஜூனில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டபோது பெர்மிட் எண்ணிக்கை திரும்ப வரவில்லை. லோடு உக்ரைனுக்குப் போகிறதா, அங்கிருந்து வருகிறதா என்று காட்டும் காகிதம் வண்டியில் இருக்க வேண்டும் என்பது சேர்ந்தது. ஏதாவது ஒரு பகுதியின் லாரித் தொழில் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் அங்கே மட்டும் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம் என்பதும் சேர்ந்தது. லூப்ளின் முதலாளியின் புகாருக்கு யாரோ கொஞ்சமாவது காதுகொடுத்திருக்கிறார்கள். டிரைவரின் கூலியைப் பற்றிய பேச்சு மறியல்காரர்களின் முக்கியக் கோரிக்கைகளிலும் இல்லை, அரசோடு அவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டிலும் இல்லை. அந்த ஆண்டு அதைப் பேசியவர்கள் கிரேஃபன்ஹவுஸனில் இருந்தார்கள், ஜார்ஜியன் மொழியிலும் உஸ்பெக்கிலும், இடையிடையே உடைந்த ரஷ்யனிலும்.